எடைமேடை

செம்பனை ஆலை வாசலில் எடைமேடை.
அதன் ஓரத்துக் கண்ணாடிக்குப் பின்னால் நான்.
குலை ஏற்றிய லாரி உள்ளே வரும்போது ஓர் எண்.
கொட்டிவிட்டு வெறுமையாய்த் திரும்பும்போது ஓர் எண்.
மேலதிலிருந்து கீழதைக் கழித்தால்
சுமை.
பதினேழு வருஷமாக இந்தக் கழித்தல்தான் எனக்குச் சோறு.

பகாவ் கிளினிக்கில் மிஸி என் கையில் பட்டையைச் சுற்றி
நூற்று எழுபத்தெட்டு, நூற்று நாலு என்றபோது
பழக்கதோஷத்தில் கழித்துப் பார்த்தேன்.
எழுபத்து நாலு.
எந்தத் தோட்டத்துச் சுமை என்று ரசீது இல்லை.

"வீட்ல யார் இருக்காங்க?"
"எல்லாரும் இருக்காங்க."
புருஷன் சிங்கப்பூரில்,
மகன் ஷா ஆலமில்,
பெரியக்கா கிள்ளானில், அதுவும் போனில்.
எல்லாரும் இருக்கிறார்கள்தான்.
மிஸி நிமிராமல் எழுதிக்கொண்டாள்.

மாத்திரைகள் மைலோ டின்னுக்குள் போயின.
தலை வலித்தால் ஒன்று.
வலிக்காத நாளில் எதற்கு?
பெரியக்கா வாரம் தவறமாட்டாள்:
உப்பைக் குறைச்சியா,
அம்மா எப்படிப் போனாங்க மறந்துட்டியா,
விழுந்தா தூக்க உனக்கு யாரு இருக்கா...
போனை வைத்த பிறகும்
காதுக்குள் ஆலைச் சங்கு ஊதும்.
பாசம்தான்.
ஏற்றிவிட்டுப் போகிற பாசம்.

மழை பெய்த ஒரு செவ்வாய்.
மேடையில் குணசீலன் லாரி.
நான் நீட்டிய ரசீதின்மேல் சிவப்பாய் ஒரு சொட்டு.
இன்னொன்று.
என் மூக்கு.
அவன் குலையைக் கொட்டவில்லை.
பத்து டன்னோடு என்னையும் ஏற்றி
நேராகக் கிளினிக்.
லாரியைப் பார்க்க
நம்பர் எடுத்துக் காத்திருந்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள்.
அன்று அவனுக்கு இரண்டு நடை போச்சு.
அதைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

மற்றதையெல்லாம் திறந்துவிட்டான்.
மறுநாள் முதல் லாரி:
"அக்கா, மாத்திரை போட்டாச்சா?"
போட்டாச்சு என்றேன், போடாமல்.
இரண்டாவது லாரியும் அதையே கேட்டது.
மூன்றாவதில் குலை ஏற்றும் நேபாளப் பையன் பிஷால்
தலையை வெளியே நீட்டி, "காக், ஊபாட்?"
ஒரு நாளைக்குப் பதினாலு லாரி.
பதினாலு முறை பொய் சொல்வதைவிட
ஒரு முறை விழுங்குவது லேசு.
ஐந்தாம் நாள் டின்னைத் திறந்தேன்.

கேன்டீன் காக் நோர்லியா எதுவும் கேட்கவில்லை.
என் மீ ஹூனில் மட்டும் கிச்சாப் குறைந்தது.
முகம் சுளித்தேன்.
தட்டோரம் ஒரு எலுமிச்சைத் துண்டை வைத்துவிட்டுப் போனாள்.

பக்கத்து வீட்டு ஜெயராணிக்கும் இதே வியாதி.
கூட்டுப் பணம் கைக்கு வந்த மாதம் ஒரு மெஷின் வாங்கினாள்.
திங்கள் அவள் வீடு, வியாழன் என் வீடு,
மற்ற நாளில் கீழ் வரிசையில் எங்கோ சுற்றும்.
பாதி நாள் பேட்டரி இருக்காது.
இருந்தால், வேலிக்கு மேலே எண்ணைக் கத்துவோம்.
நூற்று நாற்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு!
அவள் புருஷன் முதல் ஒன்றை வெட்டிவிட்டு
4892 எழுதினார்.
விழவில்லை.

குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
தீபாவளி முறுக்கு, அதற்கு முந்தின வாரத்துக் கருவாடு,
மறுபடி நூற்று அறுபது.
போன வியாழன் நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தாறு.
கழித்தால் ஐம்பத்திரண்டு.
மீதி இருபத்திரண்டை
யார் யார் இறக்கிக்கொண்டு போனார்களோ,
கணக்கில் எழுதவில்லை.

இன்றும் வியாழன். மெஷின் என் பையில்.
குணசீலன் ரசீது வாங்க இறங்கி வருகிறான்.
"அக்கா, மாத்திரை..."
"கையை நீட்டு."
"என்னக்கா?"
"நீட்டுடா."
பட்டை உப்புகிறது.
லாரி, இருபத்தோராயிரத்து நானூற்று எண்பது கிலோ.
ஓட்டுநர், நூற்று அறுபத்தாறு, நூற்று இரண்டு.
ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறேன்.
திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
"மெஷின் சரியில்லக்கா."

"நாளைக்கு எத்தனை நடை?"
"மூணு."
"மூணு தரம் கேட்பேன்."

பின்னால் அடுத்த லாரி
ஹார்ன் அடிக்கிறது.